ஸ்பிளெண்டரிலிருந்து கிளாசிக் 350: முதலில் பழக வேண்டியது இடது கால்

கேள்வி: எனக்கு 36 வயது. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், எடை 62 கிலோ. ராசிபுரத்தில் இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஸ்பிளெண்டர்தான் ஓட்டுகிறேன், வேறு வண்டி பழக்கமில்லை. இப்போது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கலாம் என்று ஆசை. மனைவியைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலை, ஏற்காடு போய்வர வேண்டும். ஒன்பது வயது மகளும் வருவாள். மாமனார் பழைய புல்லட் வைத்திருந்தவர். "நீ ஒல்லி, சாய்ந்தால் தூக்க முடியாது, வேண்டாம்" என்கிறார். நண்பன் "எடுக்கிறதுதான் எடுக்கிறாய், 400 சிசி எடு" என்கிறான். மைத்துனர் 150 சிசி யமஹா எஃப்இசட் வைத்திருக்கிறார், "முதலில் 150, 160 என்று ஒன்று வாங்கிப் பழகு" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: 350 வாங்குங்கள். 400 இப்போதைக்கு வேண்டாம். நடுவில் ஒரு 160 வாங்கிப் பணத்தைச் செலவழிக்கவும் வேண்டாம். ஆனால் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அவருடைய எஃப்இசட்டை ஒரு மாதம் கேட்டு வாங்கி ஓட்டுங்கள், அந்த ஒரு மாதம் அவர் உங்கள் ஸ்பிளெண்டரில் போகட்டும். இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் எஃப்இசட் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெரிய வண்டிக்கு மாறுகிறவர்கள் எல்லோரும் சிசியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஸ்பிளெண்டர் 97 சிசி, 8 குதிரைசக்தி. கிளாசிக் 349 சிசி, 20 குதிரைசக்தி. இரண்டரை மடங்கு என்று கேட்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் கிளாசிக்கின் எஞ்சின் சாதுவானது. ஆக்சிலேட்டரைத் திருகினால் மெதுவாக, ஒரே சீராக இழுக்கும், தூக்கிப்போடாது. நண்பர் சொல்லும் 400 வகை வண்டிகள் அப்படியில்லை. அவற்றில் 40 குதிரைசக்தி, அதற்கு மேலும் உண்டு. கேடிஎம் 390 டியூக் போன்ற வண்டியில், குழியில் இறங்கும்போது உங்களை அறியாமல் மணிக்கட்டு கொஞ்சம் அசைந்தாலே வண்டி பாய்ந்துவிடும். இத்தனை வருடம் ஸ்பிளெண்டரில் முழுசாகத் திருகியே பழகிய கைக்கு அது நல்லதில்லை. இரண்டு வருடம் 350 ஓட்டிவிட்டு அதையெல்லாம் யோசிக்கலாம்.

ஐரோப்பிய நாடுகளில் இதற்குச் சட்டமே படி வைத்திருக்கிறது. முதலில் 125 சிசி வரைக்கும் ஒரு உரிமம், அப்புறம் 35 கிலோவாட் சக்தி வரைக்கும் ஒன்று, கடைசியில்தான் எந்த வண்டியும் ஓட்டலாம். நம் ஊரில் அந்தப் படிகள் கிடையாது. ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போட்டு வாங்கிய கியர் வண்டி உரிமம் 97 சிசிக்கும் செல்லும், 650 சிசிக்கும் செல்லும். ஷோரூமில் பணம் கட்டினால் சாவி கொடுத்துவிடுவார்கள், ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே நடுப்படியை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். மைத்துனர் வண்டியை ஓட்டச் சொல்வது அதற்காகத்தான்.

முக்கியமான காரணம் கியர். ஸ்பிளெண்டரில் நான்கு கியரும் முன்பக்கம் மிதித்தால் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். இத்தனை வருடமும் உங்கள் இடது கால் இதை யோசிக்காமலே செய்துவந்திருக்கிறது. கிளாசிக்கில் முன்பக்கம் ஒரு மிதி மிதித்தால் முதல் கியர். அதற்கப்புறம் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எல்லாமே விரலால் மேலே தூக்கினாலோ குதிகாலால் மிதித்தாலோதான் விழும். முன்பக்கம் மிதித்தால் கியர் இறங்கும். நீங்கள் பழகியதற்கு நேர் எதிர்.

இது ரோட்டில் எப்படி வரும் என்று பாருங்கள். மூன்றாவது கியரில் 50-ல் போகிறீர்கள். நான்காவது போட வேண்டும். கால் தானாக முன்பக்கம் மிதிக்கும். வண்டி இரண்டாவதுக்கு இறங்கும். கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் அலறும், பின்சக்கரம் யாரோ பிடித்து இழுத்ததுபோல் தடுமாறும். மழை ஈரத்தில் என்றால் சறுக்கும். இதைவிட மோசமானது மலை இறக்கத்தில் நடக்கும். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க நினைத்துக் குதிகாலால் மிதிப்பீர்கள், கியர் ஏறிவிடும். எஞ்சின் பிடித்துவைத்திருந்த வண்டி அந்த நொடியில் விடுபட்டு வேகம் எடுக்கும், அதுவும் வளைவின் வாயில். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நிதானமாக ஓட்டும்போது சரியாகத்தான் போடுவார்கள். ஒரு நாய் குறுக்கே வந்து பதறும்போது கால் பழைய வழிக்குப் போய்விடும்.

எஃப்இசட்டில் கியர் கிளாசிக் மாதிரியேதான்: ஒன்று கீழே, நான்கு மேலே. எடையும் ஸ்பிளெண்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கால் பழக இதைவிட நல்ல வண்டி கிடைக்காது. அந்த ஒரு மாதம் ஸ்பிளெண்டரைத் தொடவே தொடாதீர்கள். காலையில் இது, மாலையில் அது என்று மாற்றி மாற்றி ஓட்டினால் கால் எந்தப் பக்கமும் சேராது.

உங்கள் மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள். அவர் ஓட்டிய பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்திருக்கும். கிக் அடித்தால் திருப்பி அடிக்கும். அந்த அனுபவத்தில் பேசுகிறார். 2021-இல் புதிய எஞ்சினோடு வந்த கிளாசிக்கில் அந்தத் தொல்லைகள் இல்லை. கியர் இடது பக்கம், ஸ்டார்ட் செய்ய பட்டன். ஆனால் எடை பற்றி அவர் சொல்வது உண்மை. ஸ்பிளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 195 கிலோ. வித்தியாசம் 83 கிலோ, அதாவது உங்கள் சொந்த எடையைவிட அதிகம்.

இந்த எடை ஓடும்போது தெரியாது. 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும். ஸ்பிளெண்டரைவிட நிதானமாகவும் போகும். எடை தெரிவது நடை வேகத்தில்: தெருவில் யூ டர்ன் அடிக்கும்போது, பெட்ரோல் பங்கில் வரிசையில் நகரும்போது, வண்டியைத் தள்ளி நிறுத்தும்போது. பெரிய வண்டிக்கு மாறியவர்களின் முதல் விழுதல் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் நடப்பதில்லை, வீட்டு வாசலில் நடக்கிறது.

யூ டர்னில் என்ன ஆகிறது? ஹேண்டிலை முழுக்கத் திருப்பியிருக்கும்போது ஒரு ஆட்டோ வருகிறது. ஸ்பிளெண்டர் ஆள் கிளட்ச்சை முழுக்கப் பிடித்துவிட்டு முன்பிரேக்கை அழுத்துவார், காலை ஊன்றுவார். ஸ்பிளெண்டர் நின்றுவிடும். கிளாசிக்கில் அதையே செய்தால் இழுவை போய், திரும்பிய பக்கமாக 195 கிலோவும் சாயும். 62 கிலோ ஆள் ஒற்றைக் காலில் அதைத் தாங்க முடியாது. பலத்தால் பிடிக்க நினைத்தால் முதுகுதான் பிடித்துக்கொள்ளும்.

சரியான முறை இது. மெதுவாகத் திரும்பும்போது முன்பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை ஹாஃப் கிளட்ச்சாலும் (கிளட்ச்சைப் பாதி மட்டும் பிடித்து) வலது காலால் பின்பிரேக்கை லேசாக அழுத்தியும் கட்டுப்படுத்துங்கள். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். முகம் எங்கே திரும்புகிறதோ வண்டி அங்கே போகும். நிற்க வேண்டும் என்றால் முதலில் ஹேண்டிலை நேராக்கி, அப்புறம் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது பள்ளி மைதானத்தில், தார் போட்ட காலி இடம் என்றால் இன்னும் நல்லது, இரண்டு செங்கல் வைத்து எட்டுப் போடுங்கள். உரிமத்துக்குப் போட்ட அதே எட்டுதான். அன்று அது ஒரு சடங்காக இருந்திருக்கும். இந்த வண்டியில் அதுதான் உண்மையான பாடம்.

இனி, சாய்ந்தால் தூக்க முடியுமா என்ற கேள்வி. முடியும். குனிந்து ஹேண்டிலைப் பிடித்து இழுத்தால் யாராலும் முடியாது, முறை தெரிந்தால் உங்களால் முடியும். முதலில் எஞ்சினை அணையுங்கள். வண்டி உருளாமல் இருக்கக் கியரில் போடுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே தட்டி விடுங்கள். இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் அந்தப் பக்கம் விழும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்புக்குக் கீழ்ப்பகுதியை சீட் ஓரத்தில் அழுத்துங்கள். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, தரையை ஒட்டிய கைப்பிடியை ஒரு கையால், பின்பக்கக் கம்பியை இன்னொரு கையால் பிடித்து, முழங்காலை மடக்கிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னாலேயே நடங்கள். தொடைதான் தூக்க வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும். எங்கள் மைதானத்தில் 50 கிலோவுக்கும் குறைவான பெண்கள் இதைச் செய்கிறார்கள். வாங்குவதற்கு முன்பே, தெரிந்தவர் வண்டியைப் பழைய மெத்தையின் மேல் மெதுவாகப் படுக்கவைத்து ஒருமுறை செய்து பாருங்கள். மாமனாரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போடுவதும் அதேபோலத்தான். கையால் தூக்காதீர்கள். ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையைத் தொடுகிற மாதிரி வண்டியை நிமிர்த்தி, உங்கள் முழு எடையையும் மிதியில் போட்டு ஏறி நில்லுங்கள், வண்டி தானாகப் பின்னால் ஏறும். இன்னொன்று, இறக்கத்தில் மூக்கு கீழே பார்க்கிற மாதிரி ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ஸ்பிளெண்டரைப் பின்னால் தள்ளி எடுத்துவிடலாம். இதை ஏற்றத்தில் பின்னோக்கித் தள்ளுவதற்கு நாலு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

உயரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கிளாசிக்கின் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். ஸ்பிளெண்டரைவிட 20 மில்லிமீட்டர்தான் கூட. ஆனால் சீட் அகலம் அதிகம் என்பதால் தொடை விரிந்து, கால் எட்டுவது குறையும். ஐந்தடி நான்கு அங்குலம் உள்ளவர்களில் சிலருக்கு இரண்டு பாதமும் முக்கால்வாசி ஊன்றும், சிலருக்கு முன்பாதம் மட்டும்தான். அது கால் நீளத்தைப் பொறுத்தது. ஷோரூமில் வழக்கமாகப் போடும் செருப்போடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு பாதமாவது முழுக்க ஊன்றினால் போதும். சிரமமாக இருந்தால் பெயருக்காகப் பிடிவாதம் பிடிக்காமல் அதே எஞ்சின் உள்ள ஹண்டர் 350-ஐப் பாருங்கள்: சீட் 790 மில்லிமீட்டர், எடை 181 கிலோ. என்னைக் கேட்டால் உங்கள் உடம்புக்கு ஹண்டர்தான் பொருத்தம் என்பேன். ஆனால் ஆசைப்பட்ட வண்டியை வாங்காவிட்டால் மனம் ஆறாது என்பதும் எனக்குத் தெரியும். கால் ஊன்றினால் கிளாசிக்கையே எடுங்கள்.

பிரேக்கில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். ஸ்பிளெண்டர் ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் பின்பிரேக்கை மட்டும் மிதித்தே காலம் தள்ளிவிடுகிறார்கள். "முன்பிரேக் பிடித்தால் கவிழும்" என்று யாரோ சின்ன வயதில் சொல்லியிருப்பார்கள். பிரேக் பிடிக்கும்போது எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்துக்குத்தான் போகிறது. பிடிப்பு அங்கேதான் அதிகம், பெரும்பகுதி நிறுத்தும் வேலையும் அங்கேதான் நடக்கிறது. பெரிய வண்டியைப் பின்பிரேக்கால் மட்டும் நிறுத்தப் பார்த்தால் நிற்காது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால் அந்தப் பயம் குறைவு. இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் பணம் கூட ஆனாலும் பரவாயில்லை. மைதானத்தில் 40-லிருந்து நேராக நிறுத்திப் பழகுங்கள். வெடுக்கென்று பிடிக்காமல், முதலில் லேசாக, அப்புறம் அழுத்தி. ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிரேக்கில் ஒரு துடிப்பு தெரியும். அதைக் கண்டு பயந்து கையை விட்டுவிடக் கூடாது.

வேகம் தெரியாது என்பது இன்னொரு ஆபத்து. ஸ்பிளெண்டர் 70-ஐத் தொட்டால் கைப்பிடி நடுங்கி "போதும்" என்று சொல்லிவிடும். கிளாசிக் 80-லும் அமைதியாக இருக்கும். சேலம் - நாமக்கல் நான்குவழிச் சாலையில் நீங்கள் 60 என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், முள் 80-ல் நிற்கும். 60-லிருந்து 80 ஆகும்போது பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. முதல் மாதங்களில் காதை நம்பாமல் மீட்டரைப் பாருங்கள்.

கொல்லிமலைக்கு வருவோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. புது வண்டியின் முதல் பயணமாக அங்கே போகாதீர்கள். வண்டி எடுத்துக் குறைந்தது இரண்டு மாதம், முதலில் ஊருக்குள் தனியாக, பிறகு ஏற்காடு அடிவாரம் வரை தனியாக, அப்புறம் மனைவியோடு ஊருக்குள். அதற்குப் பின்தான் மலை. மலைக்கும் முதல்முறை தனியாகப் போய்வந்துவிடுங்கள்.

மனைவி சேலையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து வருகிறவர் என்றால் மலைக்கு மட்டும் சுடிதார் போட்டு இருபக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பக்கம் உட்காரும்போது எடை இடது பக்கம் கூடுதலாக இருக்கிறது. சமவெளியில் அதைச் சமாளித்துவிடலாம். கூர்மையான வலது வளைவில் ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் சமாளிக்க முடியாது. வளைவில் உங்கள் தோளுக்கு மேலாக வளைவின் உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், அவர் உடம்பு தானாகவே உங்களோடு சாயும். நீங்கள் காலை ஊன்றி "இறங்கு" என்று சொல்லும்வரை இறங்கக் கூடாது. முன்னறிவிப்பில்லாமல் இறங்குவதால் சாய்கிற வண்டிகள்தான் அதிகம்.

ஏற்றத்தில் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, இழுவையோடு திரும்புங்கள். நிற்க வேண்டி வந்தால் வளைவைத் தாண்டி, ரோடு சமமாக இருக்கும் இடத்தில் நில்லுங்கள். வளைவின் நடுவில் நின்றால் ஒரு பக்கம் தரை தாழ்ந்திருக்கும், ஊன்றப்போகும் கால் காற்றில்தான் போகும். இறக்கத்தில் இரண்டாவது கியர், கிளட்ச்சை விட்டுவிட்டு, எஞ்சின் பிடிக்கட்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கம் இருந்தால் ஸ்பிளெண்டரோடு அதை விட்டுவிடுங்கள். மேலே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.

மகள் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வண்டி பெரிதானாலும் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு சொல்கிறது. மூவராக மலை ஏறுவதற்கு எந்த இருசக்கர வண்டியும் கிடையாது. மூன்று பேரும் சேர்ந்து போகத்தான் பெரிய வண்டி என்றால், கணக்கை முதலிலிருந்து போடுங்கள். அந்தப் பணம் பழைய கார் ஒன்றுக்கு முன்பணமாகும். நீங்களும் மனைவியும் போக என்றால், மகள் பாட்டி வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வாருங்கள். ஒருநாள் மகளும் நீங்களும் மட்டும் போகலாம். அவள் தலைக்குச் சரியாகப் பொருந்துகிற ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட் வாங்கிக்கொடுங்கள். உங்களுடையதைப் போட்டுவிட்டால் ஆகாது. பட்டையை மாட்டித் தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 40 சதவீதம். நண்பரிடம் இதையும் சொல்லுங்கள். மைலேஜ் ஸ்பிளெண்டரில் 60-க்கு மேல் பார்த்திருப்பீர்கள், இதில் 30 முதல் 35-தான். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோல் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. டயர், செயின் ஸ்ப்ராக்கெட், சர்வீஸ் எல்லாமே கூடுதல். தவணையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஸ்பிளெண்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். கிடைக்கிற சொற்பத் தொகைக்கு அந்த வண்டியைக் கொடுப்பது நஷ்டம். கால் புதுப் பழக்கத்துக்கு நன்றாக மாறும்வரை மைத்துனர் வீட்டிலேயே நிற்கட்டும், அப்புறம் கடைத்தெருவுக்கு அதையே எடுங்கள்.

வண்டி எடுக்கும் நாளில் ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், பிடிப்பு முழுசாக வருவதற்கு முதல் 100, 150 கிலோமீட்டர் ஆகும். அதுவரை வளைவில் சாய்ப்பதும் வேண்டாம், சட்டென்று பிரேக் பிடிப்பதும் வேண்டாம். கோவிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு, வீடு வரை நீங்கள் மட்டும் ஓட்டி வாருங்கள். மனைவியும் மகளும் ஆட்டோவில் வரட்டும்.